அழகும் அனலும்

சென்ற மார்கழி விடுமுறையில், இலண்டன் மாநகரிலே வாழும் தமக்கையார் இல்லத்தில் மூன்று வாரங்கள் தங்கிவரும் வாய்ப்பு நமக்குக் கிட்டிற்று. திரும்பி வந்த நாள்தொட்டு, அந்நகரின் நூதனசாலைகளைப் பற்றி எழுதுவீர்களா, தேம்ஸ் நதியைப் பற்றி எழுதுவீர்களா என்று அன்பர் சிலர் கேட்டவண்ணம் இருக்கின்றனர். அவையெல்லாம் பிறர் பலகாலும் எழுதியவை. இவ்வாரம் நாம் எழுதப் புகுந்தது, அங்கே ஒரு படுக்கையறைச் சுவரிலே மாட்டப்பட்டிருந்த உருக்குப் பொருளொன்றைப் பற்றியாகும். நம்மவர் பிள்ளைகள் இலண்டனிலும் பாரிசிலும் சூரிச்சிலும் வீடு வாங்கி அலங்கரித்து வரும் இக்காலத்தில், இஃது அவர்களுட் சிலருக்கேனும் பயன்படலாம்.

அப்பொருளின் பெயர் றேடியேற்றர். பெயரைக் கேட்டதும் மோட்டார் வண்டியின் முன்புறத்தில் நீர் ஊற்றும் பாகமே வாசகர் நினைவுக்கு வரும். அதுவும் இதுவும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை. வண்டியிலுள்ளது இயந்திரத்தின் மிகை வெப்பத்தை வெளியே தள்ளுகிறது; வீட்டிலுள்ளது வெப்பத்தை அறைக்குள்ளே தருகிறது. சமையலறை மூலையில் ஒரு கொதிகலம் எரிவாயுவினால் நீரைச் சூடாக்கும். அந்நீர் செப்புக் குழாய்களின் வழியே ஒவ்வோர் அறைக்கும் சென்று, அங்குள்ள றேடியேற்றரினுட் புகுந்து, தன் வெப்பத்தை இழந்து மீண்டும் கொதிகலத்தை அடையும். 1970 ஆம் ஆண்டளவிற்கூடப் பிரித்தானியாவின் வீடுகளில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கிற்கே இத்தகைய வசதி இருந்தது. இன்று இஃது இல்லாத வீட்டைக் காண்பது அரிது.

நமது அன்னையார் எழுபத்தாறு வயதினர். தந்தையார் காலமானபின் தமக்கையாருடனேயே வாழ்ந்து வருகிறார். நாம் சென்று சேர்ந்த அன்றிரவு, அவர் தமது அறையில் இராமல், வீட்டின் நடையிலே, பழைய வெள்ளைத் தகட்டு றேடியேற்றர் ஒன்றின் அருகே நாற்காலியை இழுத்துப்போட்டு, தலையிலே கம்பளித் தொப்பியும் காலிலே இரட்டைக் காலுறையுமாக அமர்ந்திருக்கக் கண்டோம்.

“அறைக்குள்ளை குளிருதோ அம்மா?” என்று வினவினோம்.

“எனக்கொண்டும் குளிரேல்லை ராசா. இஞ்சை இருந்தால் போய்வாற ஆக்களைப் பாக்கலாம்” என்றார்.

நால்வர் வாழும் வீட்டின் நடையிலே, இரவு ஒன்பது மணிக்குப் போய்வருவார் எவருமிலர்.

மறுநாள் அவரது அறைக்குட் சென்று பார்த்தோம். சென்ற ஆவணியிலே மருமகன் தனது முதன்மாதச் சம்பளத்தைக் கொண்டு அம்மம்மாவின் அறையைப் புதுப்பித்திருந்தான். புதிய சுவர்த்தாள், புதிய திரைச்சீலை, வாயிற் கதவின் அருகே சுவரிலே ஒரு புதிய றேடியேற்றர். ஆளுயரத்துக்குச் சற்று மேலாக, வீணையின் தந்திகளைப் போல நிரைநிரையாக நின்ற மெல்லிய குழாய்கள். அவை குறோமியம் பூசப்பெற்று நிலைக்கண்ணாடிபோற் பளபளத்தன. விளக்கை ஏற்றியதும் ஒளி நூறு கீற்றாய் அதன்மீது இறங்கியது. அறுநூறு பவுண் கொடுத்து வாங்கியதாம். அழகிய பொருள் என்பதை நாமும் ஒப்புக்கொள்ளவே வேண்டும். கையை வைத்துப் பார்த்தோம்; நன்றாகச் சுட்டது. ஆயினும் கட்டிலின் அருகே ஒரு சிறு வெப்பமானியை இரவு முழுவதும் வைத்து விடியற்காலையிற் பார்த்தபோது 15 பாகை செல்சியசையே அது காட்டிற்று.

உலக சுகாதார நிறுவனம் 2018 இல் வெளியிட்ட வழிகாட்டி, குளிர்நாட்டு வீடுகளில் குறைந்தது 18 பாகையேனும் இருத்தல் வேண்டும் என்று கூறுகிறது. முதியோருக்கு அதனினும் கூடுதலாக வேண்டியிருக்கும். குளிரிலே தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்க, இரத்த அழுத்தம் ஏறும். அன்னையாரோ பல ஆண்டுகளாக அழுத்தத்துக்கு மாத்திரை உட்கொண்டு வருபவர். ஆகவே இஃது அலங்காரத்தைப் பற்றிய பேச்சு அன்று என்பதை அக்கணமே உணர்ந்தோம்.

மருமகனை அழைத்து, அதனை வாங்கிய விலைப்பட்டியலைக் காட்டுமாறு கேட்டோம். நூற்றைம்பது பக்கங்கொண்ட பளபளப்பான புத்தகம். அதனைப் புரட்டப் புரட்ட நமக்கு வியப்பே மேலிட்டது. ஏணி வடிவிலொன்று, முகம் பார்க்கும் கண்ணாடியை முன்னே தாங்கியதொன்று, கற்பலகை போன்றதொன்று, நாடா மடிந்து கிடப்பது போன்றதொன்று, கரி நிறத்தில், செம்பொன் நிறத்தில், எலுமிச்சை நிறத்தில். ஒரு காலத்தில் யன்னலின் கீழே ஒளிந்து கிடந்த பொருள் இன்று ஓவியம் தொங்கும் இடத்தைப் பிடித்துக்கொண்டது. இதற்கொரு காரணமுண்டு. ஒற்றைக் கண்ணாடி யன்னல்களின் காலத்தில், கண்ணாடியைத் தொட்டுக் குளிர்ந்த காற்று அருவிபோற் கீழே இறங்கி அறையிற் பரவும். அதனை மறிப்பதற்காகவே யன்னலின் கீழ் றேடியேற்றரை வைத்தனர். இரட்டைக் கண்ணாடி வந்தபின் அக்கட்டுப்பாடு தளர்ந்தது. அது விரும்பிய சுவரில் ஏறி நிற்கலாயிற்று. அன்னையாரின் அறையிலே பழைய ஒற்றைக் கண்ணாடியே இன்னும் இருந்தது என்பதும், கட்டில் அதன் கீழே கிடந்தது என்பதும் வேறு விஷயம்.

றேடியேற்றரின் பிறப்பிடம் உருசிய நாட்டின் சென் பீற்றர்ஸ்பேர்க் நகரம் என்பர். புருசியாவிலிருந்து அங்குச் சென்று தொழிற்சாலை நடத்திய பிரான்ஸ் சான் கல்லி என்பவர் 1855 ஆம் ஆண்டளவிலே அதனைச் செய்தாராம். அதன் நூற்றைம்பதாவது ஆண்டு நிறைவையொட்டி 2005 இல் சமாரா என்னும் உருசிய நகரத்தார் றேடியேற்றருக்கு ஒரு நினைவுச் சின்னமே எழுப்பினர். அரசருக்கும் புலவருக்கும் சிலை எடுத்த உலகிலே, சூடு தரும் இரும்புக்கும் ஒரு சிலை! அதன் மேலே, யன்னல் விளிம்பில், ஒரு பூனை சுகமாகப் படுத்திருக்கிறது. றேடியேற்றரின் தராதரத்தை அளக்க அப்பூனையினும் சிறந்த கருவி இல்லை.

அக்காலத்து வார்ப்பிரும்பு றேடியேற்றர்களின் மேனியெல்லாம் கொடியும் பூவும் இலையுமாகப் புடைத்து நிற்கும். அவை வெறும் ஆடம்பரம் என்று நாம் நினைத்தல் கூடும். உண்மை அதுவன்று. வெப்பம் புறப்படுவது பொருளின் மேற்பரப்பிலிருந்து. மேடும் பள்ளமும் எவ்வளவுக்கு மிகுமோ அவ்வளவுக்கு மேற்பரப்பு மிகும். பூவேலை கண்ணுக்கும் ஆயிற்று, சூட்டுக்கும் ஆயிற்று. பின்வந்த தலைமுறையினருக்கு அப்பூவேலை சலித்தது. அலமாரிபோன்ற பெட்டிகளைச் செய்து றேடியேற்றரை மூடினர். அமெரிக்கச் சிற்பியாகிய றேமன்ட் ஹூட் என்பவர் வறுமையுற்றிருந்த நாளில் அத்தகைய மூடிகளை வரைந்து கொடுத்தே வயிறு வளர்த்தார். 1922 இல் சிக்காகோ நகரப் பத்திரிகையொன்றின் கோபுரத்துக்கான போட்டியிலே வென்று அவர் புகழ் பெற்றார். பின்பு நியூயோர்க் நகரில் றேடியேற்றர் நிறுவனமொன்றுக்கு 1924 இல் அவர் எழுப்பிய மாளிகை கருஞ்செங்கல்லும் உச்சியிலே பொன்முலாமுமாக, நெருப்புக் கனலும் கரிக்குவியல்போல் இன்றும் நிற்கிறது. றேடியேற்றரை மறைத்து வயிறு வளர்த்தவருக்கே அதன் பெயரால் மாளிகை கட்டும் பேறு வாய்த்தது!

சுவிற்சர்லாந்தின் சேண்டர் நிறுவனத்தார் 1930 இல் வார்ப்பிரும்பை விட்டு, உருக்குக் குழாய்களை நிரைத்து இலேசான றேடியேற்றரைச் செய்தனர். பூவேலை எதுவும் இன்றி, குழாய்களின் ஒழுங்கே அழகாயிற்று. அவ்வடிவம் இன்றும் விற்பனையாகிறது. 2003 இல் ஒல்லாந்து நாட்டு இளைஞர் ஜோரிஸ் லார்மன் என்பார் அதற்கு நேர்மாறாக, கொங்கிறீற்றினாலே, சுவரெங்கும் கொடி படர்ந்து சுருண்டாற்போன்ற ஒரு றேடியேற்றரை அமைத்துக் காட்டினார். பார்த்த அளவில் பழைய அரண்மனை வேலைப்பாடு, உள்ளத்தில் நவீனம். அலங்காரம் மிகுந்தால் மேற்பரப்பு மிகும், மேற்பரப்பு மிகுந்தால் வெப்பம் மிகும் என்பதே அவர் வாதம். நாம் பார்த்தவற்றுள்ளே நமது மனத்தை மிகக் கவர்ந்தது அதுவே. அதனைத் துடைப்பவர் பாடு வேறு.

நிற்க. பேரப்பிள்ளை வாங்கிய அழகுப் பொருள் ஏன் சூடு தரவில்லை?

மருமகன் அறிவற்றவன் அல்லன். அறையின் நீள அகலங்களையும் இரு வெளிச்சுவர்களையும் யன்னலையும் கணக்கிட்டு, கடுங்குளிரிலே அவ்வறைக்கு ஏறத்தாழ 1,000 உவாற்று வெப்பம் தேவை எனக் கண்டிருந்தான். நாம் கணக்கிட்டபோதும் அத்தொகையே வந்தது. விலைப்பட்டியலில் அப்பொருளுக்கு நேரே 3,400 பீ.ரீ.யூ. என்று அச்சிட்டிருந்தது. ஓர் உவாற்று 3.41 பீ.ரீ.யூ. ஆதலால் 1,000 உவாற்றுக்கு அது சரி. கடைக்காரரும் போதும் என்றாராம்.

ஆனால் அவ்வெண் வெள்ளை வண்ணம் தீட்டிய றேடியேற்றருக்கு உரியது. அதே வடிவம் குறோமியம் பூசப்பெற்றிருப்பின் 2,400 பீ.ரீ.யூ. மட்டுமே என்பது அடுத்த பக்கத்தின் அடியிலே சிறிய எழுத்தில் இருந்தது. அஃதாவது ஏறத்தாழ 700 உவாற்று. பூச்சு மாறினால் மூன்றிலொரு பங்களவு வெப்பம் போய்விடுமா என்று மருமகன் திகைத்தான். இருபது ஆண்டுகளாகப் பௌதிகம் கற்பித்து வரும் நமக்கு இவ்விடத்தில் வாய் மூடி இருத்தல் இயலுமா? லெஸ்லியின் சதுரமுகியை அவனுக்கு நினைவூட்டினோம். 1804 இல் யோன் லெஸ்லி என்னும் ஸ்கொத்லாந்து அறிஞர் தமது ஆராய்ச்சியை வெளியிட்டார். தகரத்தாற் செய்த பெட்டியொன்றிற் சுடுநீரை நிரப்பி, அதன் ஒரு முகத்திலே கரியைப் பூசி, ஒரு முகத்திலே வெள்ளைக் காகிதத்தை ஒட்டி, ஒரு முகத்தைப் பளபளப்பாக விட்டு, ஒவ்வொரு முகமும் வீசும் வெப்பத்தை அவர் அளந்திருந்தார். கரிமுகம் நூறு பங்கு வீசினால் பளபளப்பான முகம் பன்னிரண்டு பங்கே வீசிற்று. நமது கல்லூரி ஆய்கூடத்தில் ஆண்டுதோறும் மாணவர் காணும் உண்மை இது. பளபளக்கும் உலோகம் தன் வெப்பத்தைத் தானே வைத்துக்கொண்டிருக்கும் உலோபி. தொட்டவருக்குச் சுடும், தூர நின்றவருக்கு ஈயாது. காற்றைச் சூடாக்கி மேலே அனுப்பும் மேற்காவுகை மட்டும் அதிற் குறைவின்றி நடைபெறுவதனாலேயே பொருள் அடியோடு பயனற்றுப் போகாமல் நிற்கிறது.

“அப்படியானால் கறுப்பு நிறத்தில் வாங்கியிருக்க வேணும், அப்படித்தானே மாமா?” என்றான். பலருக்கும் உள்ள மயக்கம் இது. வேண்டியதில்லை. லெஸ்லியின் பெட்டியில் வெள்ளைக் காகிதம் கரிக்கு ஈடாகவே, நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு வீசிற்று. சுடுநீரின் வெப்பக் கதிர் நமது கண் காணும் ஒளியன்று. கண்ணுக்கு வெள்ளையாகத் தோன்றும் வண்ணம் அக்கதிருக்குக் கறுப்பாகவே இருக்கும். எந்த நிறமும் தீட்டலாம். அலுமினியப் பொடியும் பித்தளைப் பொடியும் கலந்த உலோகப் பூச்சுக்களை மட்டும் விலக்குதல் நன்று.

இரண்டாவது குறை, கொதிகலத்தைப் பற்றியது. விலைப்பட்டியலிலுள்ள எண்கள் ஐரோப்பிய நியமத்தின்படி, றேடியேற்றரினுள் 75 பாகையிற் புகுந்து 65 பாகையில் வெளியேறும் நீருக்கு உரியவை. அறை 20 பாகை ஆகையால், நீரின் சராசரிக்கும் அறைக்கும் உள்ள வேறுபாடு 50 பாகை. 2022 இல் எரிவாயுவின் விலை ஏறியபோது அத்தான் கொதிகலத்தின் நீரை 55 பாகைக்குக் குறைத்துவிட்டார். அதில் தவறில்லை, திரும்பி வரும் நீர் குளிர்ந்திருந்தாற்றான் புகையிலுள்ள நீராவி ஒடுங்கித் தன் மறைவெப்பத்தையும் தரும், எரிவாயு மிஞ்சும். ஆனால் வேறுபாடு 30 பாகையாக இறங்கிவிட்டது. வெப்பமும் ஐந்தில் மூன்று பங்காகக் குறையும் என்றே எண்ணத் தோன்றும். உண்மையில் அது பாதியளவுக்கு விழுந்துவிடும். வேறுபாடு சிறுக்கும்போது குழாய்களைத் தழுவி மேலெழும் காற்றின் ஓட்டமும் சோர்ந்துவிடுகிறது. 700 உவாற்று, 360 உவாற்று ஆயிற்று. ஆயிரம் வேண்டிய அறைக்கு மூன்றிலொரு பங்கு!

எரிவாயுவை விட்டு வெப்பப் பம்பிகளை நாடும் வீடுகளில் நீரின் வெப்பம் பெரும்பாலும் இன்னும் குறைவாகவே இருக்கும். அங்கெல்லாம் மெலிந்த அழகியை வாங்கி மாட்டுவோர் நிலை எண்ணத்தக்கது. வாங்குமுன் மூன்றே மூன்று கேள்விகள் கேட்டால் போதும்: நம் வீட்டு நீரின் வெப்பநிலையில் இஃது எத்தனை உவாற்று தரும்? நாம் விரும்பும் பூச்சுக்கு உரிய எண் எது? இதன் முன்னே எதை வைக்கப் போகிறோம்? மூன்றாவது கேள்வியை நாம் வேடிக்கைக்காகக் கூறவில்லை. தமக்கையாரின் முன்கூடத்தில் நல்லதொரு றேடியேற்றர் இருந்தது. அதன் முன்னே முதுகுயர்ந்த சோபாவைச் சேர்த்துப் போட்டு, தரைதொடும் திரைச்சீலையையும் அதன்மேல் இறக்கிவிட்டிருந்தனர். சோபாவின் முதுகு மிகவும் சுகமாக இருந்திருக்கும்.

கணக்கைக் கேட்ட மருமகனின் முகம் வாடிற்று. அதனினும் வருந்தியவர் அன்னையார். “பிள்ளை ஆசையாய் வாங்கித் தந்தது, அதைக் கழட்டவேண்டாம்” என்று மன்றாடினார். நான்கு மாதமாகக் குளிரிலே கிடந்தும் ஒரு சொற் கூறாமைக்கு அதுவே காரணம் என்பது அப்பொழுதுதான் அனைவருக்கும் வெளியாயிற்று. அவன் எழுந்து போய் அவர் காலடியில் அமர்ந்துகொண்டான். யாரும் சிறிதுநேரம் பேசவில்லை.

குளியலறைக்கு அதனை மாற்றலாம் என்ற யோசனையைச் சொன்னவர் தமக்கையார். சிறிய அறை, தேவையும் சிறிது, ஈரத் துவாய்களைப் போட அக்குழாய்கள் மிகப் பொருந்தின. அன்னையாரின் அறைக்கு, நாம் மேலே கூறிய குழாய் வகையில், நான்கு குழாய் ஆழமும் இருபத்தைந்து பிரிவும் இரண்டடி உயரமும் உடைய வெள்ளை றேடியேற்றர் ஒன்றை யன்னலின் கீழ் வைப்பித்தோம். விலைப்பட்டியலில் ஏறத்தாழ 2,000 உவாற்று. அத்தானின் 55 பாகை நீரில் ஆயிரம். நீளம் நாலடிக்குச் சற்றுக் குறைவு. கட்டிலை உட்சுவர்ப் பக்கம் நகர்த்தினோம். குழாய் வேலைக்கு வந்தவர் நம்மூர்க்காரர். வேலை முடிந்ததும் உள்ளே தங்கிய காற்றைச் சிறு சாவியாற் போக்கும் வகையை அன்னையாருக்கே கற்றுக்கொடுத்தார். நாம் புறப்பட்ட நாட்காலையில் வெப்பமானி 20 பாகை காட்டிற்று. கம்பளித் தொப்பி ஆணியிற் தொங்கிற்று.

சென்ற ஞாயிறு தமக்கையாருடன் தொலைபேசியில் உரையாடினோம். புதிய றேடியேற்றரின் மேலே அன்னையார் தட்டொன்றை வைத்து மோர்மிளகாய் காயவிடுகிறாராம். அறையெங்கும் அதன் வாசம் என்று மருமகன் முறையிடுகிறானாம். தட்டு மேலெழும் காற்றை மறித்து வெப்பத்தைச் சற்றுக் குறைக்கும் என்பது நமக்குத் தெரியாததன்று. அக்கணக்கை மட்டும் நாம் யாருக்கும் சொல்லவில்லை.